நெற்றியில் ஒரு சிலுவை

ஞாயிற்றுக்கிழமை காலை. முத்தியால்பேட்டையில் ஒற்றை அறை வீட்டில் அருள்பிரகாஷ் தன் வெள்ளைச் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு காலரில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் மனைவி சகாயசெல்வியின் கன்னத்தில் விரல் பதியும். அந்தக் காலர் எவ்வளவு பாடு படுத்தும் என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவன் ஃபிட்டர். வெளியில் தங்கமான மனுஷன், வீட்டுக்குள்தான் கை நீளும். வருஷம் தவறாமல் பெரிய வெள்ளிக்கு முன்னால் கோயிலில் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வான். குருவானவர் கொடுத்த செபத்தைச் சொல்லி முடித்ததும் எல்லாம் கழுவிவிட்டதாக நினைத்துக்கொள்வான். ஈஸ்டர் பிரியாணி செரிப்பதற்குள் மறுபடி அடி. ஒருநாள் செல்வி, மகள் மெரினைக் கூட்டிக்கொண்டு காலாப்பட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

போலீஸ், கோர்ட் என்று அலைந்து, கடைசியில் வீட்டில் கை நீட்டும் ஆண்களுக்கான ஓர் ஆலோசனை மையத்துக்கு வந்து சேர்ந்தான். நாற்பது சனிக்கிழமை. முதல் பத்து வாரமும், "அவ வாய் சும்மா இருக்காது மேடம்" என்ற ஒரே பாட்டு.

பதினோராவது வாரம் ஆலோசகர் நிர்மலா கேட்டார். "சூப்பர்வைசர் திட்டுனா அடிப்பீங்களா?"

"வேலை போயிடும் மேடம்."

"அப்ப கையை அடக்க உங்களுக்குத் தெரியும். வீட்டுல அடக்க வேணாம்னு நீங்களே முடிவு பண்ணியிருக்கீங்க."

அதற்குப் பிறகுதான் உண்மையாகவே பாடம் ஏறியது. குடியை விட்டான். கோபம் வந்தால் எழுந்து வெளியே நடக்கப் பழகினான். முடிவில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். "இது நீங்க வந்து படிச்சதுக்கு. அவங்க திரும்பி வரணும்னு உத்தரவு இல்ல" என்று நிர்மலா சொன்னது மட்டும் அவன் காதில் விழவே இல்லை. சான்றிதழை லேமினேட் செய்துகொண்டான்.

இன்று மெரினுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். "பூசைக்கு வாங்க" என்று செல்வி போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பி, பெரிய வீடே பார்த்து வைத்துவிட்டான்.

பூசை முடிந்து காலாப்பட்டுக் கோயில் வாசலில், வெள்ளை உடுப்பும் மெழுகுவத்தியுமாகப் பிள்ளைகள் நின்றார்கள். பெற்றவர்கள் பிள்ளையின் நெற்றியில் விரலால் சிலுவை போட்டு ஆசீர்வதிப்பது அவர்கள் வழக்கம். செல்வி போட்டு முடித்ததும் அவன் சான்றிதழை நீட்டினான்.

"நாப்பது வாரம் செல்வி. ஒரு வாரம்கூட விடல. பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டேன். வீடும் பாத்துட்டேன்."

அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். "நல்லதுங்க" என்றாள்.

அந்தப் பூரிப்பில் மகளின் நெற்றியை நோக்கி வலது கையை உயர்த்தினான்.

மெழுகுவத்தி கீழே விழுந்தது. மெரின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு அது பழக்கமான அசைவு. பழக்கியவன் எதிரிலேயே நின்றான்.

செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். 'நீதான் சொல்லிக் குடுத்தியா?' என்ற பழைய கத்தலுக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. அவன் மணலில் மண்டியிட்டான்.

"பாப்பா, அப்பா சிலுவை போடலாமா?"

"வேணாம்ப்பா."

"சரிம்மா. வேணாம்."

மெழுகுவத்தியை எடுத்து, மண்ணைத் துடைத்து, எட்ட இருந்தே நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

செல்வியின் கண் கலங்கியது. "மாறியிருக்கீங்க, தெரியுது. சாமிகிட்ட மன்னிப்பு கேட்டீங்க. அடி வாங்குனது நாங்கதானே? எங்களுக்கு இன்னும் நாள் ஆகும்ங்க. வரவே முடியாமலும் போகலாம்."

அவன் தலையாட்டினான். பேருந்தில் வரும் வழியெல்லாம் அழுதான்.

அடுத்த சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே மையத்துக்குப் போனான். புதிதாக வந்திருந்த கிருஷ்ணசாமி, "அவ வாய் சும்மா இருக்காது மேடம்" என்று ஆரம்பித்திருந்தார்.

அருள்பிரகாஷ் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "அண்ணே, மனுஷன் மாறலாம். சொல்லிக் குடுக்கவும் கூட நிக்கவும் ஆள் இருந்தா கண்டிப்பா மாறலாம். என் கை இறங்க நாப்பது வாரம் ஆச்சு. அதே கைய பாத்து எம்புள்ள மூஞ்சிய மூடாம இருக்க எத்தினி வருஷம் ஆகும்னு யாருக்கும் தெரியாது. நாம திருந்துனதுக்கு அவங்க கூலி குடுக்கணும்னு இல்லண்ணே. நீங்க இன்னிக்கே நிறுத்திடுங்க."