எழுந்து நின்ற சேவல்

சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வைத்தியலிங்கம் பிள்ளைக்குக் கோழிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் பேச்சு. பேசியவர்களைக் குறை சொல்ல முடியாது. பரம்பரை சைவம், வீட்டுக்குள் முட்டை ஓடுகூட விழுந்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷன் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு, சுற்றியுள்ள கரிசல்காட்டு ஊர்களில் நொண்டிக் கோழி உண்டா என்று விசாரித்துத் திரிந்தால் ஊர் வேறு என்ன பேசும்? பசுவுக்கு மடி வீங்கினால் நாலு தரம் ஆள் விட்டால்தான் வருகிறவர், கோழிக்குக் கால் இழுத்தால் அன்றைக்கே வந்து நிற்கிறாரே என்று மாடு வைத்திருக்கும் சம்சாரிகளுக்கு வருத்தம் வேறு.

காரணம் அவர் வீட்டுக்குள் இருந்தது. மனைவி சங்கரேஸ்வரிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கோணிப்போய்விட்டது. தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தித்தான் தூக்குவாள். தலை பின்னிக்கொள்ள முடியாது. காலையில் எழுந்திருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். அது தனக்குத் தெரியாது என்பதுபோல அவர் வெளியே நின்று பல் துலக்குவார். கோமதியம்மனுக்கு வெள்ளியில் கை செய்து போட்டாயிற்று. புற்றுமண் பூசியாயிற்று. திருநெல்வேலியில் பெரிய டாக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த மனிதர் ஒளிவு மறைவு இல்லாமல் பேசினார். வெளியிலிருந்து வந்த கிருமி என்று எதையும் காட்ட முடியவில்லை, உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே உடம்பைக் கடிக்கின்றன என்று இப்போது சில பேர் சொல்கிறார்கள், ஏன் கடிக்கின்றன என்று ஒருவருக்கும் தெரியாது என்றார்.

கோழிகளுக்குக் கால் இழுப்பது சில வருஷமாகவே அங்கங்கே உண்டு, அந்த வருஷம் அதிகமாகிவிட்டது. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டியபடி விழுந்து கிடக்கும். செத்த கோழி ஒன்றை அறுத்துப் பார்த்தார். வெள்ளை நூல்போல இருக்க வேண்டிய தொடை நரம்பு தடித்து மஞ்சளாகக் கிடந்தது. அதை மருந்தில் போட்டுப் பட்டணத்துக்கு, தனக்குப் பாடம் சொன்ன பேராசிரியருக்கு அனுப்பினார். உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தவர், நரம்பு முழுக்கக் கோழியின் சொந்த வெள்ளணுக்கள் புகுந்து அடைத்திருக்கின்றன என்று பதில் சொன்னார். அவற்றைக் கிளப்பிவிட்டது எது என்பது ஆராய்ச்சிக்காரர்களுக்குள்ளேயே தீராத சண்டை.

வைத்தியலிங்கம் அந்தப் பதிலைத் திரும்பத் திரும்பப் படித்தார். கோழியின் நரம்பும் சங்கரேஸ்வரியின் விரலும் ஒன்றுதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஆசை வந்துவிட்டால் படித்தவன் போடும் முடிச்சு இன்னும் இறுக்கமாக இருக்கும். பேராசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று. செத்த கோழி தங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது, விழுந்து எழுந்த கோழி ஒன்று உயிரோடு வேண்டும், கடிக்க ஆரம்பித்த அணுக்களை எது அடக்கியது என்று அதன் ரத்தத்தில் தேடலாம் என்றார். அதைத் தேடித்தான் இவர் கூடையோடு அலைந்தார்.

எழுந்த கோழி எங்கேயும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? கால் இழுத்த கோழியை அன்றைக்கே குழம்பு வைத்துவிடுகிறார்கள். ஒரு கரிசல்காட்டு ஊரில் தங்கத்தாய் என்பவள் வீட்டுக்கு அவர் போனபோதும் அரிவாள்மணை தயாராகத்தான் இருந்தது. பக்கத்தில் செஞ்சேவல் ஒன்று, நல்ல சாதிச் சேவல், இறக்கையைத் தரையில் பரப்பிக் கிடந்தது. கண்ணில் மட்டும் வீறாப்பு குறையவில்லை. தங்கத்தாய் புருஷனை இழந்தவள், சோளக்காட்டில் பாடுபட்டு ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தவள். அதை அறுக்காதே, நானே மருந்து கொடுத்துப் பார்க்கிறேன் என்று அவர் கெஞ்சினார்.

அவள் கணக்கு வேறு. அந்த ஊரில் நோய்ப்பட்ட கோழியை விட்டுவைக்க வேண்டுமானால் காளியம்மனுக்கு நேர்ந்துவிட வேண்டும். நேராமல் வைத்திருந்தால் நோய் அடுத்த வீட்டுக்குப் போகும் என்பார்கள். பிழைத்தால் அது அம்மனுடையது, ஆடி மாதக் கொடைத் திருவிழாவில் வெட்டிவிடுவார்கள். காப்பாற்றிக் கொடு, காப்பாற்றியதை உனக்கே தருகிறேன் என்ற இந்த ஒப்பந்தத்தில் சேவலை யாரும் கலந்துகொள்வதில்லை.

தங்கத்தாய் சொன்னாள்: "ஐயா, இந்த வாய் எம்மக ஆறுமுகத்தாய்க்காக நேந்த வாய். ரெண்டு பிள்ளை தங்காமப் போயிட்டு, இப்பம் மூணாவது. ஒரு வாய்க்கு ஒரு நேர்ச்சைதான். வேணும்னா நீங்க நேந்துக்கிடுங்க. அப்பம் நான் அறுக்கல."

அரிவாளைத் தடுத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. இதெல்லாம் வெறும் வார்த்தைதானே என்று நினைத்தார். அவள் சொல்லிக் கொடுத்தபடியே, கல்யாணத்தில் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லும் மாப்பிள்ளைபோல, வடக்கே பார்த்து நின்று சொன்னார்.

"எழுப்பி நிறுத்து தாயே. எழுந்ததை உனக்கே தாரேன்."

பிறகு வேலை வெட்டியை விட்டு அந்தச் சேவலுக்கு ஊழியம் செய்தார். கம்பங்கூழும் மோரும் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். காலை எண்ணெய் போட்டு நீவினார். பெற்ற பிள்ளைக்கு இப்படிச் செய்வார்களா என்று தங்கத்தாய் வாயில் கை வைத்துப் பார்த்தாள். அவருக்குப் பிள்ளை இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. தன் மருந்தில் ஒரு சத்தும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் சேவலின் பின்னால் நீண்டிருந்த கால் ஒருநாள் விரலை மடக்கியது. இன்னொரு நாள் உடம்பைத் தாங்கியது. ஒரு காலை அவர் சைக்கிளை நிறுத்தும்போது, சேவல் இரண்டு காலையும் ஊன்றிக் குப்பைமேட்டின்மேல் நின்று கூவியது. வைத்தியலிங்கம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அழுதார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சேவல் எழுந்துவிட்டது என்று சொன்னார். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

பட்டணத்துக்குக் கொண்டுபோக அவர் கூடையோடு போன அன்றைக்குத் தங்கத்தாய் சேவலுக்கு மஞ்சள் நீர் தெளித்துத் தனிக் கூண்டில் அடைத்திருந்தாள். கொடை நெருங்கிவிட்டது. அவர் எடுத்துச் சொன்னார். இதற்குப் பதில் இரண்டு சேவல் வாங்கித் தருவதாகச் சொன்னார். அடுத்த கொடை வரைக்குமாவது விடு என்றார். எதற்கும் அவள் அசையவில்லை. தப்பியது எதுவோ அதுதான் அம்மனுக்கு, வேறு எதைக் கொடுத்தாலும் ஏமாற்று என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன வருஷம் எழுந்தவை எங்கே என்று கேட்டார். கொடையில் வெட்டியாயிற்று என்றாள். அதற்கு முந்தின வருஷம்? அதுவும்தான். நோயைத் தாங்கி எழுந்த சேவல் ஒன்றுகூட இந்த ஊரில் குஞ்சுக்குத் தகப்பன் ஆனதில்லை. நோயின் கண்ணில் படாதவை மட்டும் பெருகி, அடுத்த வருஷம் நோய்க்குத் தீனியாகின்றன. வலுவுள்ளதையெல்லாம் தேடித் தேடி இவர்களே வெட்டுகிறார்கள். இதை அவளுக்கு விளங்குகிற மாதிரி, விரலை மடக்கி, தரையில் கோடு போட்டுச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க படிச்சவிய, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா வார்த்தை நீங்கதான சொன்னிய? ஆறுமுகத்தாய்க்கு இது நெறமாசம். சேவல் எங்க வீட்டுது, நீங்க வாக்கு மாறினா அது எம்மக வயித்துலல்லா வந்து விழும்."

அவருக்குச் சர்க்கார் உத்தியோகம், கிராம முன்சீப்பிடம் சொல்லிச் சேவலைப் பிடுங்கலாம். முன்சீப்பே கடா நேர்ந்திருக்கிறார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பிடுங்கிய பிறகு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆகாது என்று அவருடைய படிப்பு சொன்னது. ஆகாது என்று தங்கத்தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியவில்லை.

கொடையன்றைக்குக் கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். உயிரோடு இல்லாவிட்டால் போகட்டும், கொஞ்சம் ரத்தமாவது கிடைத்தால் பேராசிரியருக்கு அனுப்பிவைக்கலாம். பூசாரி குருநாதனிடம் காதோடு காதாகக் கேட்டார். அம்மனுக்கு விட்ட ரத்தம் மண்ணுக்குத்தான் போகணும் என்று சொல்லிவிட்டார் பூசாரி. மேளச் சத்தத்திலும் மிரளாமல் சேவல் இரண்டு காலையும் ஊன்றி நின்றது. எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வெட்டியதும் ரத்தம் மணலில் இறங்கியது. தங்கத்தாயும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குஞ்சிலிருந்து அவள் வளர்த்தது அது. வைத்தியலிங்கம் குழாயைப் பைக்குள் பிடித்தபடியே நின்றார்.

அந்த வாரமே ஆறுமுகத்தாய்க்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிறகென்ன, மாட்டு டாக்டர் வாய் ராசியான வாய் என்று பேர் பரவிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நொண்டிக் கோழிகளை மடியில் கட்டிக்கொண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மருந்து வேண்டாம், அந்த வார்த்தையை மட்டும் சொல்லுங்கள் போதும் என்றார்கள். சொன்னால் பிழைப்பதை வெட்டுவார்கள். சொல்லாவிட்டால் இன்றைக்கே அறுப்பார்கள். முன்பு ஊர் ஊராகத் தேடியும் கிடைக்காத கோழிகள் இப்போது வாசலிலேயே கிடந்தன. என் வாயில் ஒன்றும் இல்லை, போங்கள் என்று கத்தினார். அவர்கள் மனக்குறையோடு எழுந்து போனார்கள், கோழிகள் குழம்புக்குப் போயின.

ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் கருப்பட்டி நிரப்பிய சின்ன ஓலைக்கொட்டான் ஒன்று இருந்தது. பேரன் பிறந்த சந்தோஷத்துக்குத் தங்கத்தாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கொடுத்ததோடு நிற்காமல் கதை முழுவதையும் சங்கரேஸ்வரியிடம் சொல்லிவிட்டும் போயிருக்கிறாள்.

சங்கரேஸ்வரி விளக்கேற்ற முயன்றுகொண்டிருந்தாள். தீக்குச்சி விரலில் நிற்கவில்லை. அவர் வாங்கி ஏற்றினார். இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவரிடம் எதையும் கேட்காதவள் அவள். கோணிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு வாய்க்கு ஒரு நேர்ச்சைன்னு அந்தப் பொம்பள சொன்னா. நீங்க நேந்ததுதான் தீந்துட்டுல்லா. இப்பம் உங்க வாய் சும்மாத்தான இருக்கு."

வாசலில் வந்த பெண்களிடம் கத்தியதுபோல இவளிடம் கத்த முடியவில்லை. அவருக்குத் தெரிந்த நேர்ச்சை அது ஒன்றுதான். வடக்கே திரும்பி நின்றார். மணலில் இறங்கிய ரத்தம் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"எழுப்பி நிறுத்து தாயே" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். எழுந்ததை உனக்கே தாரேன் என்பது மீதி, இந்த முறை எழ வேண்டியவள் இவள்.

அவள் கைகளைக் குவிக்கப் பார்த்தாள். விரல்கள் சேரவில்லை.

"மீதியையும் சொல்லுங்க" என்றாள்.