மைக்செட் இல்லாத மேற்குப் பக்கம்

வீட்டில் சுவரை அடைத்துக்கொண்டு டிவி இருக்கிறது. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று திருப்பித் திருப்பிக் காட்டுகிறான். சோபா இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போய், வெயிலில் வெந்து, முன்னால் நிற்கிறவன் முதுகைப் பார்த்துவிட்டு வர ஒரு மனுஷன் ஏன் அலைய வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரரிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். "உனக்குச் சொன்னா புரியாதும்மா" என்பார். புரியாதாம்! பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வாய் மரத்துப்போன ஆட்கள் உளறுவதையெல்லாம் நாள் முழுக்கப் புரிந்துகொள்கிற எனக்குப் புரியாதாம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடியில் குழிக்குள் நின்றுகொண்டு, உச்சி மாடியில் இருக்கிற கூட்டாளிக்குக் கேட்கும்படி "ஏத்து! நிறுத்து!" என்று கத்திக் கத்தியே வளர்ந்த குரல். என் காதில் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள். மைதானத்தில் அவருக்கு 'மைக்செட்' என்று பெயர். மேற்குப் பக்கத்துப் படிகளில் கோஷத்தை எடுத்துக் கொடுப்பது அவர்தான்.

அந்தக் குரல் போய்விட்டது. தொண்டையில் கட்டி. வெட்டி எடுத்தார்கள், ஆளைக் காப்பாற்றினார்கள், குரலைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது அவர் பேசினால் காற்றுதான் வரும். வாயருகே காதைக் கொண்டுபோனால் அதற்குள் சொல் இருக்கும். உயிர் பிழைத்ததே பெரிசு என்று நான் இருந்தேன். அவரால் அப்படி இருக்க முடியவில்லை.

வேலைக்குப் போவார், வருவார், அவ்வளவுதான். கடையில் வேண்டியதைக் கையால் காட்டுவார். கடைக்காரர் "என்னங்க?" என்று இரண்டாம் தடவை கேட்டுவிட்டால் வாங்காமலே திரும்பிவிடுவார். தெரிந்தவர் எதிரே வந்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போவார். சொந்தத் தம்பி வந்தால் தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொள்வார். மாட்ச் நாளில் டிவியைப் போட்டு, சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கோல் விழும். ஒரு விரல்கூட அசையாது. இப்படியே ஒவ்வொருத்தராக விட்டு ஒதுங்கி, கடைசியில் என்னையும் விட்டு ஒதுங்கிவிடுவாரோ என்று பயந்தேன். வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆளைத் தொலைத்துவிடுவேனோ என்ற பயம் அது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன்.

"கிளம்புங்க."

அவர் என் காதருகே குனிந்தார். "நான் அங்க வந்து என்னடி பண்றது?"

"எல்லாரும் என்ன பண்றாங்களோ அதைப் பண்ணுங்க."

"எல்லாரும் கத்துவாங்க."

"உங்களுக்கும் சேத்து நான் கத்துறேன். என் குரலைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

சிரிப்பு வந்துவிட்டது மனுஷனுக்கு. சத்தம்தான் இல்லை, தோள் குலுங்கியது. இதுதான் சமயம் என்று மஞ்சள் சட்டையைத் தலைவழியாக மாட்டிவிட்டேன்.

அப்பப்பா, அது என்ன கூட்டம்! காலை நான் எடுத்து வைக்கவே இல்லை, கூட்டமே கொண்டுபோய்ப் படியில் விட்டது. மேலே ஏறியதும் ஒரு பனைமர உயர ஆள், பஸ் டிரைவராம், "மைக்செட்டு!" என்று அலறி இவரைக் கட்டிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் ரிட்டயரான கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் அதிர்ந்து பேசாதவராம். இங்கே ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவரின் வம்சத்தையே இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். "எங்கப்பா போய்த் தொலைஞ்ச?" என்று இவர் முதுகில் ஒன்று வைத்தார். என் வீட்டுக்காரர் கழுத்துத் தழும்பைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். இரண்டு பேருக்கும் முகம் விழுந்துவிட்டது. டிரைவர் நகர்ந்து வழிவிட்டார்.

"உட்காருங்க அண்ணி. அண்ணன் இடம் அப்படியேதான் இருக்கு."

ஆட்டம் தொடங்கியது. எதிர்ப்பக்கத்தில் முரசு வைத்து அடித்தார்கள். சத்தம் என்றால் சத்தம், காதுக்குள் கையை விட்டு ஆட்டுகிற சத்தம். டீச்சர் கடலை வேண்டும் என்று ஜாடை காட்டினார். டிரைவர் தண்ணீர் வேண்டுமா என்று ஜாடை காட்டினார். என் வீட்டுக்காரர் டிரைவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். டீச்சர் இவர் காதில் ஏதோ சொன்னார். இவர் தலையில் அடித்துக்கொண்டார். யாருடைய பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை. எல்லாரும் எல்லாரிடமும் குனிந்துதான் பேசினார்கள். இந்த மனுஷன் ஒருத்தரிடம் பேசிச் சிரித்து நான் எத்தனை நாளாயிற்று பார்த்து!

அந்த நேரம் பார்த்து எதிரணி ஒரு கோல் போட்டது. எங்கள் பக்கம் அப்படியே தொய்ந்துபோனது. நான் டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏங்க, நம்ம பக்கம் யாரும் கோஷம் போட மாட்டீங்களா?"

"அதை அண்ணன்தானே அண்ணி எடுத்துக் குடுப்பாரு. அவரு வராததுலேர்ந்து யாரும் எடுக்கல. புதுசா ஒருத்தன் ஆரம்பிச்சான், டீச்சர் முறைச்ச முறைப்புல உட்கார்ந்துட்டான்."

"அதுக்காக இத்தனை நாளாவா?"

"சும்மா கத்துவோம். ஆனா அந்தக் கேள்வியை மட்டும் கேக்க மாட்டோம். அது அண்ணனோடது."

இவருக்கு அது கேட்டுவிட்டது. சிரித்த முகம் கருத்தது. எழுந்தார். "போலாம்" என்று உதடு அசைந்தது. எனக்கு வந்ததே கோபம்! டீச்சரிடம் திரும்பினேன். "என்னம்மா அந்தக் கேள்வி?"

"'இருக்கோமா?'ன்னு கேப்பான். 'இருக்கோம்!'னு சொல்லுவோம். அவ்வளவுதான்."

பெஞ்சில் ஏறி நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "இருக்கோமா?"

ஒருத்தர் வாய் திறக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். டீச்சர் என் கையைப் பிடித்து இறக்கினார். "நல்ல குரல்தான்மா. ஆனா நீ இல்ல." கையை என் வீட்டுக்காரர் பக்கம் நீட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். மேல்படி வரைக்கும் அத்தனை மஞ்சள் சட்டையும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பந்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார். அடப்பாவி மனுஷா! வருஷக்கணக்காகக் காசு கொடுத்துப் போய் நீ பார்த்தது ஆட்டத்தை இல்லையா? இந்த முகங்களைத்தானா?

இரண்டு கையையும் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே ஒன்றும் கேட்கவில்லை.

"இருக்கோம்!" என்றார் டிரைவர். "இருக்கோம்!" என்றார் டீச்சர். உதட்டைப் பார்த்த முன்வரிசை சொன்னது. உதடே தெரியாத பின்வரிசையும் சொன்னது. என் காலடியில் சிமென்ட் அதிர்ந்தது. எதிர்ப்பக்கத்து முரசு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னார்கள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்து அவர் சட்டைக் காலரில் இறங்கியது, துடைக்கக்கூட இல்லை.

அடுத்த தடவை அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, என் முகத்தைப் பார்த்து, அதே கேள்வியைக் கேட்டார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இருக்கேங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.