வாட்டம்

எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டாக இருக்கலாம், பதின்மூன்றாகவும் இருக்கலாம். மழை விட்ட மாதம் என்பது மட்டும் உறுதி. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையின் சாக்கடைக் கான் நாறியது.

மடுல்சீமையில் தேயிலை பதப்படுத்தும் ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுவது என் வேலை. சாக்குத் தட்டுகளில் பரப்பிய கொழுந்தை வலது கையால் ஒரு பிடி அள்ளி இறுக்குவேன். கையை விரித்த பிறகும் உருண்டை பிரியாமல் கிடந்தால் வாட்டம் சரி. என் கையும் மூக்கும் தவறாது என்று எனக்கொரு திமிர் இருந்தது.

அந்தக் கான் ஸ்டோரை ஒட்டித்தான் கீழே இறங்கியது. அதன் வீச்சம் ஜன்னலில் ஏறியது. தேயிலை எந்த நாற்றத்தையும் இழுத்துக்கொள்ளும். யாரும் கேட்காமலே, தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர் மயில்வாகனத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவர் பதுளையிலிருந்து கொத்தனார் பலீலை வரவழைத்து, கானை லயத்து வாசல் பக்கம் திருப்பச் சொன்னார்.

பலீல் ரசமட்டத்தை மண்ணில் வைத்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் வாட்டமே இல்லீங்க. தண்ணி எறங்காது, நிக்கும்."

"வாட்டம் ஸ்டோருக்குள்ள இருந்தாக் காணும். நீர் கானை வெட்டும்" என்றார் மயில்வாகனம்.

பலீல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா அண்ணே, ஒங்க எலை பெரிய எடத்துப் புள்ள."

நானும் சிரித்தேன்.

பத்து நாளில் எங்கள் வாசலில் பச்சைப் பாசி கட்டிக் கான் தண்ணீர் நின்றது. மலமும் கழுநீரும் புழுவும். அதில் உட்கார்ந்த ஈதான் சோற்றிலும் உட்கார்ந்தது. என் மூன்று வயது மகள் லெட்சுமிக்கு வயிற்றோட்டம் கண்டது. தோட்டத்து மருந்துக்காரர் எங்கள் லயத்து அறைக்குள், காம்பராவுக்குள், வரவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கானுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"புள்ள கொஞ்சம் வாட்டமாத்தான் இருக்கு. கஞ்சித் தண்ணி குடு."

அவர் போனதும் என் மனைவி ராமலட்சுமி பிள்ளையை என் மடியில் கிடத்தினாள்.

"தோட்டத்து எலையெல்லாம் தொட்டுப் பாத்துச் சொல்றீங்களே. ஒங்க மகளையும் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

வலது கையால் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு விரியவில்லை, அப்படியே நின்றது. நான் நினைப்பதற்கு முன்பே என் விரல்கள் பதம் சரி என்றன.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைவதற்குள் லெட்சுமி போய்விட்டாள். ராமலட்சுமி ஹல்துமுல்லையில் அண்ணன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. பலீல் பதுளையிலேயே இருந்து செத்தார். மயில்வாகனம் பெரிய தோட்டத்துக்கு மாறிப் போனார். அந்த வருஷத்துத் தேயிலைக்குக் கொழும்பில் நல்ல பேர். கானை யாரும் திருப்பவில்லை. நான் அதே மேல்மாடியில் இன்னும் பதினொரு வருஷம் கொழுந்தை அள்ளி இறுக்கிப் பார்த்தேன், இடது கையால்.