முனிக்கு நேர்ந்த குதிரை

மலாயாவில் காஹாங் ரப்பர் தோட்டத்தின் பழைய துரைக்கு இளகிய மனசு. ரப்பர் விலை விழுந்து அவர் சீமைக்குக் கப்பலேறியபோது, தன் பெண்குதிரையைச் சுட மனம் வராமல் லாலான் புல்காட்டில் அவிழ்த்துவிட்டுப் போனார். கூலிகளையும் அப்படியேதான் விட்டுப்போனார். அவர்களைச் சுடவும் அவருக்கு மனம் வரவில்லை.

குதிரைக்காரர் வீரமுத்து அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி சந்திரமதிக்கு மிஞ்சியது அவருடைய காக்கிச் சட்டையும், கருப்பாயி என்று அவர் பெயரிட்ட அந்தக் குதிரையும். மிஞ்சியது என்பதுகூட மரியாதைக்குத்தான். அது யார் கைக்கும் வருவதில்லை.

கருப்பாயி ஆஸ்திரேலியக் காட்டில் பிறந்தது. அதன் பாட்டனை வெள்ளைக்காரன் அங்கே கொண்டுபோய், வேலை முடிந்ததும் காட்டில் விட்டானாம். பிறகு வேறொரு வெள்ளைக்காரன் பேத்தியைப் பிடித்துக் கப்பலேற்றினான். "காட்டுல விடுறது அதுங்களுக்குப் பழக்கந்தான் புள்ள," என்பார் வீரமுத்து.

புதிய துரை மனசை ஊரிலேயே வைத்துவிட்டு வந்தவர். இளம் ரப்பர் கன்றுகளைக் குதிரை மிதிக்கிறது என்று சுட உத்தரவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூலிகள் தகரம் தட்டி விரட்ட வேண்டும். துரை துப்பாக்கியோடு பாதையில் நிற்பார்.

சனிக்கிழமை சந்திரமதி புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு புல்காட்டுக்குள் போனாள். சட்டையின் வாசம் பிடித்துக் கருப்பாயி கிட்டே வந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு, நேராக முனியாண்டி கல்லுக்கு வந்து, சூடம் கொளுத்தி, கூலிகள் குடியிருந்த லயமே கேட்க அதை நேர்ந்துகொண்டாள்.

கங்காணி சபாபதி பதறிப்போனார்.

"முனிக்கு நேர்ந்தா வெட்டணுமே, புள்ள. துரை சுடப்போறாரு. ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஏறிப்போக நேர்ந்திருக்கேன், கங்காணி ஐயா. துரை தன் மோட்டாரை வெட்டித் திங்கிறாரா?"

"அது சரி... அப்ப விரட்டலாமா, கூடாதா?"

"விரட்டுங்க. குதிரை இல்லாம ராத்திரி சாமி நடந்து வந்தா, உங்க வீட்டு வாசல்ல நின்னு 'என்னை ஏன் நடக்கவிட்டே'ன்னு கேக்கும்."

மறுநாள் கூலிகள் தகரம் தட்டினார்கள், தூங்குகிற பிள்ளை விழித்துவிடக்கூடாது என்பதுபோல. குதிரை வரவில்லை. பொறுமையிழந்த துரை தானே புல்லுக்குள் இறங்கினார். வெகுநேரம் கழித்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

கால்சட்டை முழுக்க அட்டையோடு வெளியே வந்த துரை, "செத்தது. புதைத்துவிடு," என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறினார். சபாபதி உள்ளே போனார், சந்திரமதி பின்னாலேயே ஓடினாள். அங்கே குண்டுபட்டுச் சரிந்து கிடந்தது ஆளுயரக் கறையான் புற்று.

சபாபதி அதைக் கௌரவமாகப் புதைத்தார். பங்களாவில் போய், "ஒரே வெடி, துரை. சுத்தமா செத்துப்போச்சு," என்றார். அந்த வாரமே கிளப்பில் துரைக்குப் பாராட்டு.

மாதம் திரும்புமுன் கருப்பாயி பங்களாத் தோட்டத்துக்கே வந்தது. துரைசாணி நட்ட பூச்செடிகளை நிதானமாகத் தின்றது. வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த துரை நாற்காலியை மெல்ல மறுபக்கம் திருப்பிப் போட்டார். கிளப்புக்கே தெரிந்து செத்த குதிரையைப் பார்ப்பது எப்படி?

வேலியோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த சந்திரமதி, புருஷன் செத்த பிறகு முதல்முறையாக, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.