ஓடைத்தெருவைக் கண்டால் நகரும் பள்ளிக்கூடம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே ராஜபாளையம் ரோட்டில் இருந்த போர்டு பள்ளிக்கூடம், ஊர் ஓடைக்கு அப்பால் ஒதுக்கிவைத்திருந்த ஓடைத்தெருவின் பிள்ளை கிட்டே வந்தால் பின்னால் நகர்ந்துவிடும். கல் அஸ்திவாரம், சுண்ணாம்புச் சுவர், நாட்டு ஓடு, முன்னால் மூன்று படி. அப்படியே படியோடு நகரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் திறப்புவிழா நடந்த அன்றைக்கே இது தெரிந்துபோனது. வந்திருந்த துரை, இந்தக் கதவு சாதி மதம் பார்க்காது, எல்லாருக்கும் பொது என்று இங்கிலீசில் பேசினார். ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ஓடைத்தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் நிசம்தான் என்று நம்பி முன்னால் போக, கட்டடம் தோரணத்தை அறுத்துக்கொண்டு ஒரு வண்டி நீளத்துக்குப் பின்னால் போய் நின்றது. துரை பந்தலில் தனியாக நின்றார். புதுக் கட்டடம், மண் இறுகுகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று கொத்தனார் சொன்னார். கூட்டமும் அதை ஒத்துக்கொண்டு கலைந்துபோனது.

மண் இறுகியது. பள்ளிக்கூடம் நகர்வது நிற்கவில்லை. மற்றத் தெருப் பிள்ளைகள் போனால் சாதுவாக உட்கார்ந்திருக்கும், ஏறிக்கொள்வார்கள். ஓடைத்தெருப் பிள்ளை கூப்பிடு தூரத்தில் வந்ததும் எல்லாரையும் உள்ளே வைத்துக்கொண்டு நகரும். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஆட்டமே தெரியாது. மைக்கூட்டில் மை கூடச் சிந்தியதில்லை. அந்தப் பிள்ளை திரும்பி நடந்தால் பள்ளிக்கூடமும் பின்னாலேயே வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து, மணியடித்துப் பிள்ளைகளை இறக்கிவிடும். ஒரு மாசத்துக்குள் ஓடைத்தெரு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டு ஆடு பத்தவும் கல் உடைக்கவும் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் கட்டாயப் படிப்புச் சட்டத்தை அந்த வட்டாரத்திலும் கொண்டுவந்தார்கள். வயசு வந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத தகப்பன் குற்றவாளி. நல்ல சட்டம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எழுதினவர்களில் ஒருத்தனாவது ஓடையைத் தாண்டி வந்து பார்த்திருப்பானா என்றால், அது கிடையாது.

ஓடைத்தெருவில் கிணறு வெட்டுகிற சூசைக்கும் சந்தனமேரிக்கும் ஒரே மகள் இன்பம். முப்பதாம் வருசம் அவளுக்கு ஆறு வயசானது. எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை என்று ஆஜர் பார்க்கிற உத்தியோகத்தில் இருந்த ராக்கப்பன் சைக்கிளை ஓடையைத் தாண்டாமலே நிறுத்திவிட்டுச் சத்தம் போட்டார்.

“ஏலே சூசை! மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாம என்னலே பண்ணுத? கோர்ட்டுக்கு இழுத்துருவேன் பாத்துக்கோ.”

“அனுப்பத்தான்யா செய்தேன். அது நிக்க மாட்டேங்கு.”

“நிக்குதோ ஓடுதோ, அது சட்டத்துல இல்லை. பிள்ளை பெஞ்சில இருக்கணும்.”

சந்தனமேரி வாய் சும்மா இருக்காது. “ஆட்டை மறிச்சிருக்கோம், மாட்டை மறிச்சிருக்கோம். பள்ளிக்கூடத்தை எப்படி மறிக்கன்னு ஒரு உத்தரவு போட்டுக் குடுங்கய்யா, மறிச்சிருதோம்” என்றாள். ராக்கப்பன் அபராதம் போட்டார். கட்ட வழியில்லாததால் வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருசம் பித்தளைச் செம்பு போனது. அதற்கடுத்த வருசம் தூக்கிப்போக ஒன்றும் இல்லாமல் சூசையையே கொண்டுபோய்ச் சப்ஜெயிலில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஆனால் இன்பம் அபராதத்துக்குப் பயந்து நடந்தவள் இல்லை. அந்தப் படிமேல் ஏறி உள்ளே உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. தினமும் தலையைப் படிய வாரிக்கொண்டு புறப்படுவாள். ஆறு வயசில் அவளால் பள்ளிக்கூடத்தைப் புளியந்தோப்பு வரைக்கும்தான் விரட்ட முடிந்தது. எட்டு வயசில் கண்மாய்க்கரையைத் தாண்டினாள். பத்து வயசில் ராஜபாளையத்துக்குப் பாதி தூரம் போனாள். வண்டிக்காரர்கள் எதிரே பள்ளிக்கூடம் வந்தால் மாட்டை ஒதுக்கி வழிவிடப் பழகிக்கொண்டார்கள். பின்னால் ஒரு சிறுமி வருவாள் என்று அவர்களுக்குத் தெரியும். “ஏட்டி, இன்னைக்கு ரொம்ப வேகமாப் போவுது, சீக்கிரம் போ” என்று நல்ல எண்ணத்தில்தான் சொல்லிப் போவார்கள்.

தலைமை வாத்தியார் ஜேசுதாசன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுசன். பிள்ளைகள்மேல் பிரம்பு படாது. மனுசன் சுதந்திரமாகப் பிறந்தவன், சர்க்கார் செய்ய வேண்டியது கதவைத் திறந்துவைப்பது, அதற்குமேல் நடந்து வருவது அவனவன் கால் என்பது அவர் கொள்கை. தகப்பனை ஜெயிலில் போட்டு வருகிற படிப்பு படிப்பே இல்லை என்று ராக்கப்பனிடம் சண்டை பிடிப்பார். சர்க்கார் பிள்ளைக்கு இன்னொரு தகப்பன், அடித்தாவது கொண்டுவருவேன் என்று ராக்கப்பன் சொல்வார். இருவரும் பள்ளிக்கூட வராந்தாவில் நாற்காலி போட்டு வருசக்கணக்காக இதைப் பேசினார்கள். அவர்கள் பேசப் பேசவே வராந்தா கண்மாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். வாத்தியார் ரோட்டில் இன்பத்தைப் பார்த்துவிட்டால் எழுந்து நின்று கைகாட்டுவார். “வாம்மா, ஏன் அங்கேயே நிக்கே? கதவு திறந்துதானே இருக்கு?” உண்மையான பாசத்தோடுதான் கூப்பிட்டார். அதைப் பொய் என்று சொல்ல ஏலாது.

சூசை ஜெயிலில் இருந்து வந்த வருசம், தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற மாரிசாமியிடம் போய் நின்றார். ஓடுகிற தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சொருகி நிறுத்துகிற வேலை. கை தப்பினால் ஆளே இல்லை. மாரிசாமி சிரித்துவிட்டு, “அம்புட்டுப் பெரிய தேரே நம்ம சொன்னா நிக்கும், இது என்னவே, நாலு சுவரு” என்று கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆனால் தேர் எப்போதும் ஆளை நோக்கித்தான் வரும். அந்தப் பழக்கத்தில் அவர் படிக்கட்டுக்கு முன்னால் கட்டையைப் போட்டுவிட்டார். இன்பம் வந்தாள், பள்ளிக்கூடம் பின்பக்கமாகப் போனது, கட்டை மட்டும் ரோட்டில் கிடந்தது. பார்த்தவர்கள் அவரை வீடு வரைக்கும் கேலி செய்தார்கள். ரோசம் வந்து மறுநாள் பின்சுவருக்குக் கட்டை கொடுத்தார். பள்ளிக்கூடம் அதில் முட்டி ஒரு முனகலோடு நின்றது. இன்பம் முதல் தடவையாகப் படிக்குப் பக்கத்தில் போனாள். காலைத் தூக்கினாள். படியும் தூக்கிக்கொண்டது. அவள் பார்க்கப் பார்க்கக் கட்டடம் பனை உயரத்துக்கு எழும்பி நின்றது. மேலே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் தலையில் சாக்கட்டித் தூள் மட்டும் விழுந்தது.

தாய்மார்கள் ஓடிவந்தார்கள். “ஏலே மாரிசாமி, கட்டையை எடுலே! எங்க பிள்ளைக விழுந்துட்டா நீயா பதில் சொல்லுவே?” மாரிசாமி எடுத்துவிட்டார். வேறென்ன செய்வார். பள்ளிக்கூடம் இறங்கி, ஒன்றும் நடக்காதது மாதிரி ராஜபாளையத்தைப் பார்த்துப் போனது. இன்பம் தூளைத் தட்டிவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். அழுதாளா என்று யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு சூசை யாரிடமும் போய் நிற்கவில்லை.

முப்பத்தெட்டில் அவளுக்குச் சட்டம் சொன்ன வயசு தாண்டிவிட்டது. ராக்கப்பன் ஓடைக்கரையில் நின்று, “இனிமே உம் மகளைப் பத்தி எங்களுக்குக் கேள்வி கிடையாதுலே. நிம்மதியா இரு” என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல சேதி கொண்டுவந்த மாதிரி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனார். இன்பம் அன்றைக்கும் தலைவாரிப் புறப்பட்டாள். “எதுக்குட்டி இன்னும்?” என்று சந்தனமேரி கேட்பதற்குள் அவள் ஓடையைத் தாண்டிவிட்டாள். இப்போது அவளுக்குக் கால் நீளம். வெயில் ஏறுவதற்குள் பள்ளிக்கூடத்தை ராஜபாளையம் வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். அங்கே புதிதாக வந்திருந்த ஒரு பஞ்சு மில்லைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய் நின்றது. அதற்குமேல் அவளால் நடக்க ஏலவில்லை. செத்த நேரம் மில் கேட்டுக்கு எதிரே நின்றாள். கேட் திறந்திருந்தது. பழக்கத்தில் ஒரு எட்டு வைத்துப் பார்த்தாள். கேட் அசையவில்லை. இன்னொரு எட்டு வைத்தாள். அப்போதும் அசையவில்லை. காவல்காரன், “கையைக் காட்டு. ம், போ உள்ளே, நூல் சுத்த ஆள் எடுக்காங்க” என்றான். சங்கு ஊதியபோது அவள் உள்ளே இருந்தாள்.

பள்ளிக்கூடம் அன்று செத்த நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, யாரும் பின்னால் வராததால் தானாகத் திரும்பி வந்தது. நாற்பத்து நாலில் ஜேசுதாசன் ஓய்வு பெற்றார். என் காலத்தில் இந்தக் கதவை நான் யாருக்கும் சாத்தியதில்லை என்று மாலையோடு நின்று பேசினார். அது நிசம்தான். ஊரே கைதட்டியது. ஓடைத்தெருக்காரர்கள் பாடம் நடக்கிற நேரத்தில் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வயக்காட்டில் இறங்கிச் சுற்றிப் போனார்கள். பள்ளிக்கூடத்தைச் சும்மா எதுக்கு அலைய விடணும் என்று.