கோடாங்கிக்கு முந்தின நாள்

வெள்ளைத்துரையின் பொறுமை அன்றைக்குத் திருமங்கலத்தோடு தீர்ந்துபோனது. பேரையூரில் பஸ் ஏறியதிலிருந்து அவர் பெண்டாட்டி ஜெயக்கொடி வாய் மூடவில்லை. டிரைவருக்கு வழி சொன்னாள். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் மருமகளைத் திட்டாதே என்றாள். நடுவில் அழுதாள், கண்ணீர் காய்வதற்குள் சிரித்தாள். கை இரண்டும் நடுங்கின, அடிக்கிற காற்றிலும் வேர்த்து ஊற்றியது. செத்த நேரம் சும்மா இரு என்று ஒரு மனுசன் எத்தனை தடவைதான் சொல்லுவான்?

போன வருசம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு சித்திரையில், இதே ஜெயக்கொடி பேச்சே இல்லாமல் கிடந்தவள். முகம் ஊதி, குரல் கரகரத்து, அந்த வெயிலில் கம்பளி கேட்டாள். அடுப்பில் சோறு தீய்ந்தாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சிம்மக்கல்லில் ஆசுபத்திரி வைத்திருந்த டாக்டரம்மா தெரசாதான் கழுத்துச் சுரப்பி தூங்கிவிட்டது என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார். ஆட்டுக் கழுத்தில் இருக்கும் சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்தது, தினம் ஒன்று, கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றார். மூன்றே மாதத்தில் ஜெயக்கொடி எழுந்து களை எடுக்கப் போனாள். ஊரே வாய் பிளந்தது.

தை பாதியில் ஆரம்பித்தது இந்தக் கூத்து. உறக்கம் போயிற்று. கூரையில் யாரோ நடக்கிறார்கள் என்றாள். கறிக்குழம்பு வைத்தால், "இதுல விஷம் இருக்கு. தின்னா நெஞ்சு படபடன்னு அடிக்குது, வேணாம்" என்று சோற்றுக் கும்பாவைத் தள்ளினாள். கட்டின புருசன் விஷம் வைப்பானா? வெள்ளைத்துரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் அக்கா பாண்டியம்மாள் அவள் கைகளைப் பிடித்துக்கொள்ள, இவரே வாயைத் திறந்து ஊட்டிவிட்டார்.

"இது அவ பேசல தம்பி. உள்ள இருந்து வேற ஒருத்தி பேசுறா" என்று தீர்மானமாகச் சொன்ன அக்கா, பேய் ஓட்டும் கோடாங்கிக்கும் ஆள் அனுப்பிவிட்டாள். நாளை வெள்ளிக்கிழமை. சாட்டையோடு வந்துவிடுவார். போன ஐப்பசியில் அவரிடம் அடி வாங்கிய ஊர்க்காரி முருகம்மாள் இன்னும் நிமிர்ந்து நடக்கவில்லை. அந்த நினைப்புதான் வெள்ளைத்துரையைப் பஸ் ஏற்றியது. டாக்டரம்மாவும் கையை விரித்துவிட்டால், கோடாங்கியைத் தடுக்க இவரிடம் வேறு வழியில்லை.

டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்தார். மாத்திரைப் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். சொன்ன அளவுதான் தீர்ந்திருந்தது. அவருக்கும் எரிச்சலாக வந்தது.

"ரெண்டு மூணா சேத்துக் குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. நீங்க சொன்னபடி ஒண்ணே ஒண்ணு."

"வேற வைத்தியம்? லேகியம், செந்தூரம்?"

"அதெல்லாம் தொடவே இல்ல. சாப்பாடுதான் நல்லாக் குடுக்கிறேன்." வெள்ளைத்துரை நெஞ்சை நிமிர்த்தினார். "நீங்க சொன்னதை வச்சுத்தான். காஞ்ச பொடியே இம்புட்டு வேலை செஞ்சா, பச்சைக்கறி எம்புட்டுச் செய்யும்? கறிக்கடை சோணைகிட்ட சொல்லிவச்சு, ஆடு அறுக்குற அன்னைக்கெல்லாம் தொண்டையில ஒட்டுன சதையை ஒண்ணு விடாம வாங்கியாந்து குழம்பு வச்சிர்றோம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?"

"மார்கழி விரதம் முடிஞ்சதுல இருந்தும்மா."

"ஐயா, அந்தச் சதையும் இதே மருந்துதான். மூணு பேருக்கு உள்ள மருந்தை ஒருத்திக்கு ஊட்டியிருக்கீங்க. உறக்கம் போனது, நடுக்கம், கூரையில ஆள் நடக்குறது எல்லாம் அதனாலதான். அந்தக் கறி, மாத்திரை ரெண்டையும் இன்னைக்கே நிறுத்துங்க. நாலஞ்சு வாரத்துல அடங்கிரும். அப்புறம் மாத்திரையை மட்டும் நான் பாத்துக் குடுக்கிறேன்."

காலையிலிருந்து பஸ்காரன், பெண்டாட்டி, அக்கா என்று ஒருவர் விடாமல் எரிந்து விழுந்த வெள்ளைத்துரைக்கு, இப்போது எரிந்து விழ ஆள் இல்லை.

ஜெயக்கொடி கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"அப்போ எனக்குள்ள வேற ஒருத்தி இல்லையா டாக்டரம்மா?"

"இல்லம்மா. நீ மட்டும்தான்."

"இம்புட்டு நாளா பேசுனது நான்தானா?"

"நீதாம்மா."

அவள் புருசன் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"கேட்டுக்கிட்டீகளா? வேணாம் வேணாம்னு சொன்னது நான்தான்."