காய்ந்த திரி

நாகலெட்சுமிக்கு விஞ்ஞானத்தில் நூற்றுக்குப் பதினொன்று. பேப்பரைத் திருப்பிக் கொடுத்த மயில்வாகனம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "வியாழக்கிழமை செய்முறைச் சோதினை இருக்கு. பத்துக்கு அஞ்சு எடுத்தாலும் போதும். அதிலையும் தவறினா வகுப்பிலை இருக்க ஏலாது, பிள்ளை," என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

வகுப்பு இல்லையென்றால் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைதான். "படிப்பு ஏறலேன்னா தோட்டத்துல பேரு பதிஞ்சிருவோம், ஆண்டியப்பா," என்று ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி அவள் அப்பாவிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

படிப்பு ஏறாமல் இல்லை. படிப்பு இங்கிலீஷில் இருந்தது. ஈரத்துணி காற்றில் ஏன் சீக்கிரம் காய்கிறது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கு வேலை, பெக்டரியில் கொழுந்தைத் தட்டில் பரப்பி வாட்டும் மேல்மாடியில். சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று வேடிக்கை பார்த்து வளர்ந்தவள் அவள். ஆனால் விடை எழுத உட்கார்ந்தால் நாலு சொல்லோடு பேனா நின்றுவிடும். கடைவீதி மளிகைக்கடை வீட்டு மனோரஞ்சிதத்துக்குத் தொண்ணூற்றிரண்டு.

"அர்த்தம் தெரிஞ்சுதான் எழுதுனியாடி?" என்று அவளிடம் கேட்டாள் நாகலெட்சுமி.

"அர்த்தத்த யாரு கேக்குறா? நோட்டுல இருந்துச்சு, எழுதுனேன்."

வியாழக்கிழமை தோட்டத்துக்குப் பக்கத்து றொசல்லயில் ரயிலேறி, பள்ளிக்கூடம் இருக்கும் ஹட்டனில் இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. வகுப்பில் மாஸ்டர் மேசைமேல் ஒரு பலகையை நிறுத்தினார். அதில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு தர்மாமீட்டர்கள். ஒன்றின் குமிழில் துணித்திரி சுற்றியிருந்தது. திரியின் வால் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் தொங்கியது. இரண்டும் காட்டும் சூட்டின் வித்தியாசத்தை வைத்து, காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அட்டவணையில் கண்டு சொல்ல வேண்டும்.

மனோரஞ்சிதம் முதலில் போனாள். இரண்டிலும் அறுபத்தெட்டு டிகிரி பாரன்ஹீட். அட்டவணையில் விரலை ஓட்டி, ஈரம் நூற்றுக்கு நூறு என்று மணிமணியாய் இங்கிலீஷில் ஒப்பித்தாள். பத்துக்குப் பத்து. அடுத்து வந்த அத்தனை பேரும் நூறு என்றே சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாகலெட்சுமி கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். அதில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

"திரி காஞ்சு கெடக்கு, சேர்."

"இங்கிலிசிலை சொல்லும்."

"தி கிளாத்..." நாக்கு ஒட்டிக்கொண்டது.

"கொழுந்துக் கூடை இங்கிலீஷ் பேசுதுடோய்!" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. வகுப்பே சிரித்தது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. மூலையில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு வந்தாள். கிண்ணத்தை நிரப்பினாள். திரியை முக்கி நனைத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"என்ன செய்யிறீர்?"

"கொஞ்சம் பொறுங்க, சேர்."

திரி சுற்றிய தர்மாமீட்டரில் பாதரசம் இறங்கத் தொடங்கியது. அறுபத்தைந்து. அறுபத்திரண்டு. ஐம்பத்தொன்பதில் வந்து நின்றது. மற்றது அசையவேயில்லை.

"ரெண்டும் ஒண்ணா நின்னா வெளிய மூடுபனி கொட்டணும், சேர். அன்னிக்கு பெக்டரியில கொழுந்து வாடாது. சூட்டுக் காத்தத்தான் மேல்மாடிக்கு ஏத்துவாங்க. இன்னிக்கு வெயிலு பல்ல இளிக்குது. திரியில உள்ள தண்ணி காத்தோட போவுது, போறப்ப சூட்டையும் தூக்கிட்டுப் போவுது. அதான் எறங்குது."

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் அட்டவணையைத் தானே பார்த்தார். ஈரம் நூற்றுக்கு அறுபதுகூட வரவில்லை. மனோரஞ்சிதம் நோட்டில் எழுதிய நூறை அழிக்க அழிறப்பரைத் தேடினாள்.

"நீர் சொல்லுறது சரி," என்றார் மாஸ்டர் தாழ்ந்த குரலில். "ஆனா இங்கிலிசிலை சொல்லாட்டி மார்க் போடேலாது. அது விதி."

நாகலெட்சுமி கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

"அப்ப இந்தத் தண்ணிய வெளிய ஊத்திர்றேன், சேர். திரியையும் புழிஞ்சு காயப் போட்டுர்றேன். எல்லாருக்கும் நூறுன்னே இருக்கட்டும். வெளிய வெயிலு அடிக்கிறத மட்டும் யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

ஜன்னலுக்கு வெளியே கிண்ணம் சாயத் தொடங்கியது.

"வையும்," என்றார் மாஸ்டர். "அதை அங்கை வையும், பிள்ளை."

"மார்க்கு?"

அவர் புத்தகத்தைத் திறந்தார். பேனாவைத் தொட்டார். தொட்டபடியே கேட்டார்: "தண்ணி காத்தோட போறதுக்கு நீங்கள் தமிழிலை என்ன பேர் சொல்லுவியள்?" அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"மொதல்ல போடுங்க, சேர். அப்பறம் சொல்றேன்."

பேனா நகர்ந்தது. அவள் கழுத்தை நீட்டி, போட்டது பத்துத்தானா என்று பார்த்த பிறகே கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.